மூன்று வயதில் ஒரு நுழைவுத் தேர்வு

தில்லி மாநகரில் குளிர்காலம் தொடங்கும்போது நடுத்தரக் குடும்பங்களில் வேறொரு பருவமும் தொடங்குகிறது. தனியார் பள்ளிகளின் நர்சரி வகுப்புக்கு விண்ணப்பிக்கும் பருவம் அது. அடுத்துவரும் மார்ச் 31-ஆம் தேதிக்குள் மூன்று வயது நிறையும் குழந்தைகளின் பெற்றோர் பள்ளி பள்ளியாக விண்ணப்பிக்கின்றனர். ஒரே குழந்தைக்காகப் பத்துப் பதினைந்து பள்ளிகளை நாடுவது அங்கே சாதாரணம். புகழ்பெற்ற பள்ளிகள் பலவற்றில் பெரும்பாலான இடங்கள் இந்த முதற்படியிலேயே நிரம்பிவிடுகின்றன. ஆகவே, பட்டியலில் பெயர் வராவிட்டால் குழந்தையின் எதிர்காலமே அடைபட்டுவிடும் என்ற அச்சம் தாய் தந்தையரைப் பற்றிக்கொள்கிறது.

இந்த அச்சம் தில்லிக்கு மட்டும் உரியதன்று. கொல்கத்தா, மும்பை, பெங்களூரு, சென்னை என எல்லாப் பெருநகரங்களிலும் இது உண்டு. நேர்காணல் என்ற பெயரைத் தவிர்க்கும் பள்ளிகள், குழந்தையோடும் பெற்றோரோடும் சிறிது நேரம் கலந்துரையாடுவதாகக் கூறுகின்றன. அதற்கென்று பயிற்சி மையங்கள் உள்ளன. நிறங்களின் பெயர், வடிவங்களின் பெயர், ஓர் ஆங்கிலப் பாட்டு, அந்நியர் கேட்டால் அழாமல் பெயர் சொல்வது, தந்தையின் வேலை என்ன என்ற கேள்விக்கு விடை ஆகியவை திரும்பத் திரும்பப் பழக்கப்படுத்தப்படுகின்றன. பெற்றோருக்கும் தனியே பயிற்சி தரப்படுகிறது.

இதில் தவறு என்ன என்று ஒருவர் கேட்கலாம். தம் குழந்தைக்கு நல்ல கல்வி கிடைக்க வேண்டும் என்று விரும்புவது அன்பின் இயல்பே. அந்த அன்பைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. ஆயினும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. அன்பு உண்மையானது என்ற காரணத்தாலேயே, அந்த அன்பின் பெயரால் செய்யப்படும் யாவும் சரியாகிவிடுமா? தர்மத்தை நாடும் இல்லறத்தார் நிதானமாக ஆராய வேண்டிய கேள்வி இது.

சட்டம் சென்ற தூரம்

இந்தக் கவலை நாட்டில் நீண்ட காலமாகவே உணரப்பட்டு வந்துள்ளது. எழுத்தாளர் ஆர். கே. நாராயண் 1989-இல் மாநிலங்களவையில் பேசியபோது, பள்ளிக் குழந்தைகள் சுமக்கும் புத்தகப் பையின் பாரத்தைக் குறித்து வருந்தினார். பின்னர் பேராசிரியர் யஷ்பால் தலைமையில் அமைந்த குழு, சுமையற்ற கல்வியைப் பற்றிய தன் அறிக்கையை 1993-இல் அளித்தது. நர்சரிச் சேர்க்கைக்காகக் குழந்தைகளுக்குத் தேர்வும் நேர்காணலும் நடத்தும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளுள் ஒன்று. இளங்குழந்தைகள் மீது எழுத்தையும் எண்ணையும் திணிப்பதை ஒருவகை வன்முறையாகவே அக்குழு கருதியது.

தில்லி உயர் நீதிமன்றத்தின் தலையீட்டால் 2006-இல் அசோக் கங்குலி குழு அமைக்கப்பட்டது. அதன் தொடர்ச்சியாக நேர்காணல் விலக்கப்பட்டு, புள்ளிகளின் அடிப்படையில் சேர்க்கை நடைபெறத் தொடங்கியது. 2007 நவம்பரில் தில்லி அரசு இதற்கென ஆணை பிறப்பித்தது. 2010 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் மேலும் ஒருபடி சென்றது. குலுக்கல் போன்ற முறைகளைத் தவிர, ஒரு குழந்தையை மற்றொரு குழந்தைக்கு மேலாகத் தேர்ந்தெடுக்கும் எந்த வடிகட்டலும் கூடாது என்று அச்சட்டம் கூறியது. மீறும் பள்ளிக்கு முதன்முறை 25,000 ரூபாய் வரையிலும், பிறகு ஒவ்வொரு முறையும் 50,000 ரூபாய் வரையிலும் அபராதம் விதிக்க அது வகை செய்தது. எனினும் ஆறு வயது முதல் பதினான்கு வயது வரை உள்ள குழந்தைகளுக்கே அச்சட்டம் உரியது. நலிந்த பிரிவினருக்கான 25 சதவீத இடங்கள் நீங்கலாக, நர்சரிச் சேர்க்கைக்கு அது பொருந்தாது என்று தில்லி உயர் நீதிமன்றம் 2013-இல் தீர்ப்பளித்தது.

அதே ஆண்டு டிசம்பரில், மொத்தம் 100 புள்ளிகளில் 70 புள்ளிகளை அருகில் வசிப்பதற்கே ஒதுக்கும் நெறிமுறை தில்லியில் வெளியானது. 2014 நவம்பரில் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பள்ளிகள் தத்தம் விதிகளை வகுத்துக்கொண்டன. 2016 ஜனவரியில் தில்லி அரசு அத்தகைய 62 விதிகளுக்குத் தடை விதித்தபோது, அவற்றின் தன்மை பொதுமக்களுக்குத் தெரியவந்தது. பெற்றோரின் படிப்பு, புகைப்பழக்கம், உணவுப் பழக்கம் ஆகியவற்றுக்குக்கூடப் புள்ளிகள் வழங்கப்பட்டிருந்தன. அவற்றுள் சில விதிகளின் மீதான தடையை நீதிமன்றம் பின்னர் நிறுத்திவைத்தது.

இந்த வரலாற்றிலிருந்து ஒன்று தெளிவாகிறது. சட்டம் தேவையானது. அது குழந்தையை ஒரு பெரும் துன்பத்திலிருந்து காத்தது. ஆனால் மனத்திலுள்ள அச்சத்தைச் சட்டத்தால் நீக்க இயலவில்லை. குழந்தையைச் சோதிக்கக் கூடாது என்றதும் பெற்றோரின் முகவரியும் பழக்கவழக்கங்களும் சோதனைக்கு உள்ளாயின. அருகில் வசிப்போருக்குப் புள்ளி என்றதும் பொய்யான வாடகை ஒப்பந்தங்கள் தோன்றின. ஏழைக் குழந்தைகளுக்கு இடம் என்றதும் வசதி படைத்த சிலர் போலி வருமானச் சான்றிதழ்களைத் தேடிச் சென்றனர். தில்லியில் இதன் பொருட்டுக் கைதானவர்களும் உண்டு. எனவே இந்தப் பிரச்சினையின் வேரை மனித உள்ளத்தில்தான் தேட வேண்டியிருக்கிறது.

பெற்றோர் தரப்பு வாதங்கள்

ஒரு கொள்கையை மறுக்குமுன் அதை அதன் முழு வலிமையோடு எடுத்துரைப்பது நம் நாட்டுத் தத்துவ மரபு. அதற்குப் பூர்வபக்ஷம் என்று பெயர். இங்கும் அதுவே முறை. பெற்றோர் தரப்பில் மூன்று வாதங்கள் கூறப்படுகின்றன.

முதலாவது, குழந்தைக்கு இயன்றவரை சிறந்ததைத் தேடித் தருவது பெற்றோரின் ஸ்வதர்மம். மற்றவர்களின் குழந்தைகளைப் பற்றிச் சிந்திப்பது அரசின் வேலை.

இரண்டாவது, எல்லோரும் இப்படித்தான் செய்கின்றனர். எல்லோரும் ஓடும் சாலையில் ஒருவர் மட்டும் நின்றால், அவரது நேர்மையால் சாலை திருந்திவிடாது. அவர் மட்டுமே பின்தங்குவார்.

மூன்றாவது வாதமே மிக வலியது. ஒருவர் தம் மனசாட்சிக்காகத் தாம் இழப்பை ஏற்கலாம். அது தியாகம். ஆனால் இங்கே இழப்பவர் யார்? குழந்தையல்லவா? தந்தை உண்மை பேசினார் என்பதற்காக ஏதுமறியாத குழந்தை ஏன் தன் இடத்தை இழக்க வேண்டும்? பிறர் செலவில் தர்மத்தைக் கடைப்பிடிப்பது தர்மமாகுமா?

இவற்றை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஒவ்வொன்றாக ஆராய்வதே தகும்.

அன்பும் மோகமும்

மகாபாரதத்தில் தன் மக்கள்மீது அளவற்ற பாசம் கொண்ட ஒரு தந்தை இருக்கிறான். அவன் திருதராஷ்டிரன். துரியோதனனுக்கு அவன் எதையும் மறுத்ததில்லை. பகவத்கீதை அவனுடைய கேள்வியோடுதான் தொடங்குகிறது. அந்த முதற் சுலோகத்திலேயே அவன் தன் மக்களை ஒரு பக்கத்திலும் தம்பியின் மக்களை மறுபக்கத்திலும் பிரித்து வைத்துப் பேசுகிறான். அவனது உண்மையான குருட்டுத்தன்மை அந்தப் பிரிவினையில்தான் இருந்தது என்று பெரியோர் கூறுவர். தன் குழந்தைகளை நேசித்தது அவன் குற்றமன்று. பாண்டுவின் குழந்தைகளுக்கும் ஓர் உரிமை உண்டு என்பதைக் காண மறுத்ததே அவன் குற்றம். அந்தக் குருட்டுப் பாசம் அவனுடைய நூறு மக்களையும் காக்கவில்லை.

முதல் வாதத்திற்கான விடை இதில் அடங்கியுள்ளது. பெற்றோரின் ஸ்வதர்மம் பொது தர்மத்திற்கு உட்பட்டது. அகிம்சை, சத்தியம், பிறர் பொருளைக் கவராமை ஆகியவை எல்லா ஆசிரமத்தாருக்கும் பொதுவானவை. போலிச் சான்றிதழால் பெறப்படும் ஓர் இடம் வெற்றிடத்திலிருந்து வருவதன்று. எங்கோ ஒரு வீட்டு வேலை செய்பவரின் மகனோ, ரிக்ஷா ஓட்டுபவரின் மகளோ பெற வேண்டிய இடம் அது. அந்தக் குழந்தையின் முகம் கண்ணுக்குத் தெரியாததால் திருட்டு, திருட்டு அல்லாமல் ஆகிவிடாது. உலகில் அந்நியர் என்று எவரும் இல்லை, உலகைச் சொந்தமாக்கிக்கொள்ளக் கற்றுக்கொள்ள வேண்டும் என்ற அன்னை ஸ்ரீசாரதாதேவியின் இறுதி உபதேசத்தை நாள்தோறும் நினைப்பவர்களுக்கு, விண்ணப்பப் படிவத்தை நிரப்பும் நேரமும் அதைக் கடைப்பிடிக்கும் நேரமே.

எல்லோரும் செய்தால்

இரண்டாவது வாதத்திற்கு மேலைநாட்டுத் தத்துவத்திலிருந்தே ஒரு விடை கிடைக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் ஜெர்மானியத் தத்துவ ஞானியான இம்மானுவேல் காண்ட், ஒழுக்கத்தைச் சோதிப்பதற்கு ஒரு வழியைக் கூறினார். ஒருவர் எந்த விதியின்படி நடக்கிறாரோ, அந்த விதியை உலகத்தார் அனைவரும் பின்பற்ற வேண்டும் என்று அவரால் விரும்ப முடிகிறதா என்பதே அந்தச் சோதனை. பொய் முகவரி தருவதை இந்தச் சோதனையில் இட்டுப் பார்க்கலாம். எல்லோரும் பள்ளிக்கு அருகில் வசிப்பதாக எழுதிவிட்டால், அருகில் வசித்தல் என்பதற்கே பொருளில்லாமல் போய்விடும். மற்றவர்கள் உண்மை கூறும்வரைதான் பொய் கூறுபவருக்குப் பலன் கிடைக்கும். ஆகவே பொய் கூறுபவர் மற்ற அனைவரின் நேர்மையையும் நம்பியே, அதைத் தமக்குக் கருவியாக்கிக்கொள்கிறார். எல்லோரும் செய்கின்றனர் என்ற சமாதானம் இங்கே தானாகவே தளர்ந்துவிடுகிறது.

பயிற்சி மையங்களுக்கும் இது ஓரளவு பொருந்தும். திருவிழாக் கூட்டத்தில் முன்வரிசையில் ஒருவர் நுனிக்காலில் நின்றால் அவருக்கு ரதம் நன்றாகத் தெரியும். அவரைக் கண்டு எல்லோரும் நுனிக்காலில் நின்றால் எவருக்கும் கூடுதலாக எதுவும் தெரியாது, கால்தான் வலிக்கும். எல்லாக் குழந்தைகளும் பயிற்சி பெற்றுவிட்டால் இடங்களின் எண்ணிக்கை ஒன்றுகூட உயர்வதில்லை. விளையாட வேண்டிய மாலைப் பொழுதுகளை எல்லாக் குழந்தைகளும் இழந்திருப்பர்.

காண்ட் மற்றொன்றும் கூறினார். எந்த மனிதரையும் வெறும் கருவியாக நடத்தக் கூடாது. அவரவரும் தம்மளவில் இலட்சியமே. வேதாந்தம் இதற்கு இன்னும் ஆழமான அடிப்படையைத் தருகிறது. குழந்தைக்குள் இருப்பது பூரணமான ஆன்மா. எனவே குழந்தை எவருடைய கௌரவத்திற்கும் சாதனமாகாது. நண்பர்களிடமும் உறவினர்களிடமும் பள்ளியின் பெயரைச் சொல்லும்போது எழும் மகிழ்ச்சி குழந்தையைப் பற்றியதா, தம்மைப் பற்றியதா என்று தனிமையில் கேட்டுக்கொள்வது ஒவ்வொரு பெற்றோருக்கும் ஒரு நல்ல ஆன்ம சோதனையாகும்.

குதிராமின் குழந்தைகள்

மூன்றாவது வாதத்திற்கு வெறும் தர்க்கம் போதாது. வாழ்ந்து காட்டிய ஒருவரிடம்தான் அதற்கு விடை தேட வேண்டும்.

ஸ்ரீராமகிருஷ்ணரின் தந்தை குதிராம் சட்டோபாத்யாயர் வங்காளத்தில் தேரே என்ற கிராமத்தில் வசித்து வந்தார். மூதாதையரின் வீடும் நிலமும் அவருக்கு இருந்தன. அவ்வூர் ஜமீன்தார் ராமானந்த ராய் ஒருவர்மீது பொய் வழக்குத் தொடுத்து, தமக்குச் சாதகமாகச் சாட்சி சொல்லும்படி குதிராமை வற்புறுத்தினார். குதிராமின் சொல்லுக்கு ஊரில் மதிப்பு இருந்ததே அதற்குக் காரணம். குதிராம் மறுத்தார். சினம் கொண்ட ஜமீன்தார் அவர்மீதே வழக்குத் தொடுத்து அவரது வீட்டையும் நிலத்தையும் பறித்துக்கொண்டார். சுமார் 1814-இல் குதிராம் குடும்பத்தோடு ஊரைவிட்டு வெளியேறினார். நண்பர் சுக்லால் கோஸ்வாமி அளித்த சிறிது இடத்தில், காமார்புகூரில், குடிசை அமைத்து வாழத் தொடங்கினார்.

அடியார்கள் நன்கறிந்த இந்நிகழ்ச்சியில் பலரும் கவனிக்காத ஒரு செய்தி உண்டு. அன்று குதிராம் தனியாக இல்லை. மூத்த மகன் ராம்குமாரும் மகள் காத்யாயனியும் அப்போது சிறு குழந்தைகள். தந்தை சொன்ன உண்மையின் விலையை அவர்களும் சேர்ந்தே கொடுத்தனர். பிறந்த வீட்டையும் பழகிய ஊரையும் அவர்கள் இழந்தனர். அப்படியானால் குதிராம் தம் குழந்தைகளுக்கு அநீதி இழைத்தாரா?

பொய்ச்சாட்சி சொல்லியிருந்தால் அவர் குழந்தைகளுக்கு எதைக் காப்பாற்றித் தந்திருப்பார் என்று எண்ணிப் பார்த்தால் விடை புலப்படும். வீடும் நிலமும் எஞ்சியிருக்கும். ஆனால் அந்த வீட்டில் வளரும் குழந்தைகளின் தந்தை வேறொருவராக ஆகியிருப்பார். மிரட்டினால் வளைபவர், வாக்கை விற்றவர் என்ற உண்மையை அந்த வீடே நாள்தோறும் நினைவூட்டியிருக்கும். குழந்தைகளுக்குத் தந்தை தரும் சொத்துகளுள் முதன்மையானது தந்தையின் ஒழுக்கமே. அதை விற்று மற்றொன்றை வாங்கித் தருவதால் குழந்தை செல்வம் பெறுவதில்லை.

1836-இல் அந்தக் குடும்பத்தில் பகவான் அவதரித்ததை உண்மைக்குக் கிடைத்த கூலியாகக் கணக்கிடுவது பொருந்தாது. குதிராம் எந்தக் கூலியையும் எதிர்பார்த்து மறுக்கவில்லை. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அவர் அறிந்தது ஏழ்மையையும் இறைவழிபாட்டையும் மட்டுமே. ஆனால் அந்த வீட்டில் வளர்ந்த கதாதரனுக்கு, சொன்ன சொல் தவறுவது இயலாத ஒன்றாகவே இருந்தது. கலியுகத்தில் உண்மை பேசுவதே தவம் என்று பிற்காலத்தில் அவர் பலமுறை எடுத்துரைத்தார். அவ்வுண்மையை அவர் முதலில் கண்டது தம் தந்தையிடம்தான்.

எனவே மூன்றாவது வாதம் எழுப்பும் வேதனை உண்மையானது. அதை மறைக்க வேண்டியதில்லை. உண்மை கூறுவதால் ஓர் இடம் கைநழுவலாம். ஆன்மிக வாழ்க்கை பள்ளியில் இடம் கிடைக்கும் என்று வாக்குறுதி தருவதில்லை. ஆனால் குழந்தையின் நன்மை என்பது பள்ளியில் ஓர் இடம் மட்டுமே என்ற கருத்தைத்தான் அவ்வாதம் ஆதாரமாகக் கொண்டிருக்கிறது. அந்த ஆதாரம் நிலைக்காது.

ஜாபாலையின் முன்தயாரிப்பு

குழந்தையைக் குருவிடம் அனுப்புமுன் தாய் எவ்வாறு தயார் செய்ய வேண்டும் என்பதற்குச் சாந்தோக்கிய உபநிஷதத்திலேயே ஒரு சான்று இருக்கிறது. சத்தியகாமன் என்ற சிறுவன் கல்வி கற்கச் செல்ல விரும்பினான். குரு தன் கோத்திரத்தைக் கேட்பார் என்று அவனுக்குத் தெரியும். தாய் ஜாபாலையிடம் கேட்டான். இளமையில் பல இடங்களில் பணிவிடை செய்து திரிந்த காலத்தில் அவனைப் பெற்றதாகவும், அவனது கோத்திரம் தனக்குத் தெரியாது என்றும், தன் பெயரையே சேர்த்துச் சத்தியகாம ஜாபாலன் என்று சொல்லிக்கொள்ளும்படியும் அவள் கூறினாள்.

ஒரு பொய்க் கோத்திரத்தைச் சொல்லிக் கொடுப்பது அவளுக்கு எளிது. அக்காலத்தில் அதைவிடப் பெரிய சேர்க்கைத் தகுதி வேறில்லை. தன் மகனுக்குக் கல்வி கிடைக்காமல் போகலாம் என்பதும், தனக்கு அவமானம் நேரலாம் என்பதும் அவளுக்குத் தெரியாமலில்லை. ஆயினும் அவள் உண்மையையே தந்தனுப்பினாள். சிறுவன் கௌதமரிடம் சென்று, தாய் கூறியதை ஓர் எழுத்தும் மாற்றாமல் அப்படியே சொன்னான். உண்மையிலிருந்து வழுவாத காரணத்தாலேயே கௌதமர் அவனை ஏற்றுக்கொண்டார்.

இன்றைய வாசலில் நிற்பவர்கள் எல்லோரும் கௌதமர்கள் அல்லரே என்று கேட்கலாம். அது சரியே. கௌதமர் மறுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று உபநிஷதம் கூறவில்லை. ஆனால் மறுத்திருந்தாலும் சத்தியகாமன் வெறுங்கையோடு திரும்பியிருக்க மாட்டான். தன்னைப் பற்றிய உண்மையைத் தலைகுனியாமல் சொல்லும் ஆற்றலைத் தாய் அவனுக்கு ஏற்கெனவே தந்துவிட்டாள். அந்தக் கல்வி வீட்டிலேயே முடிந்துவிட்டது.

சத்தியகாமன் விவரம் அறிந்த சிறுவன். மூன்று வயதுக் குழந்தைக்கோ உண்மை, பொய் என்ற பாகுபாடே இன்னும் தெளிவாகவில்லை. அதனாலேயே பொறுப்பு கூடுகிறது. அந்த வயதில் குழந்தை சொற்களைவிட முகங்களையே படிக்கிறது. தவறான விடை சொன்னபோது தாயின் முகம் வாடினால், நிறத்தின் பெயரை மறந்ததற்காக அன்பு குறைந்துவிட்டது என்றே அது புரிந்துகொள்ளும். இன்னும் அரை வயது குறைவாகச் சொல், அந்தத் தெருவில் வசிப்பதாகச் சொல் என்று பழக்கினால், பெரியவர்களின் உலகில் நுழைய வேண்டுமானால் உள்ளது வேறு, சொல்வது வேறு என்று இருக்க வேண்டும் என்ற முதற் பாடம் பதிந்துவிடும். பிற்காலத்தில் எத்தனை நீதி வகுப்புகள் நடத்தினாலும் அந்த முதற் பாடத்தை அழிப்பது கடினம்.

உண்மையான தயாரிப்பு

இதனால் குழந்தையைப் பள்ளிக்குத் தயார் செய்வதே கூடாது என்று ஆகாது. எதைத் தயாரிப்பு என்று கூறுவது என்பதுதான் கேள்வி. மனிதனுக்குள் ஏற்கெனவே இருக்கும் பூரணத்துவத்தை வெளிப்படுத்துவதே கல்வி என்பது சுவாமி விவேகானந்தரின் அடிப்படைக் கருத்து. செடியை இழுத்து வளர்க்க முடியாது. மண்ணைத் தளர்த்தி, நீர் ஊற்றி, வேலி கட்டி, தடைகளை நீக்கலாம். வளர்வது செடியின் வேலை என்று அவர் விளக்கினார்.

குஜராத்தில் வழக்கறிஞர் தொழிலை விட்டுக் குழந்தைக் கல்வியில் ஈடுபட்ட கிஜுபாய் பதேகா, 1920-இல் பாவ்நகரில் பால மந்திரத்தைத் தொடங்கினார். அச்சமும் அடியும் இல்லாத இடத்தில் கதை, பாட்டு, விளையாட்டு ஆகியவற்றின் மூலம் குழந்தை தானே கற்கும் என்பதை அங்கே அவர் நடைமுறையில் காட்டினார். மீசை வைத்த தாய் என்றே மக்கள் அவரை அன்போடு அழைத்தனர். 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து, போர்க்காலம் முழுவதும் இந்தியாவிலேயே தங்கி ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்த மரியா மாண்டிசோரி அம்மையாரும் இதே உண்மையைத்தான் தம் வழியில் போதித்தார்.

2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, மூன்று வயது முதல் எட்டு வயது வரை உள்ள பருவத்தை ஒரே அடித்தளப் பருவமாகக் கொண்டு, விளையாட்டு வழிக் கற்றலை வலியுறுத்துகிறது. அதைத் தொடர்ந்து 2022-இல் வெளியான பாடத்திட்டச் சட்டகம், தைத்திரீய உபநிஷதம் கூறும் பஞ்சகோசங்களையே குழந்தை வளர்ச்சியின் அடிப்படைகளுள் ஒன்றாக எடுத்துக்கொண்டுள்ளது. பெற்றோர் இதை வீட்டிலேயே பின்பற்றலாம்.

அன்னமய கோசத்திற்கு வேண்டியவை நேரத்திற்கு உணவு, போதிய உறக்கம், ஓடியாட இடம். தானே சோறு உண்ணவும் கைகழுவவும் செருப்பு அணியவும் பழகிய குழந்தை பள்ளிக்குப் பெரிதும் தயாராகிவிட்டது. பிராணமய கோசத்திற்கு வேண்டியது உற்சாகம். திறந்த வெளியும் மரநிழலும் அதைத் தரும். மனோமய கோசத்திற்கு வேண்டியது அச்சமின்மை. தாயைப் பிரிந்து சிறிது நேரம் பாட்டியிடமோ அத்தையிடமோ இருந்து பழகுவதும், அழுதால் அணைக்க ஒருவர் இருப்பார் என்ற நம்பிக்கையும் அதை உண்டாக்கும். விஞ்ஞானமய கோசம் கேள்விகளால் மலர்கிறது. குழந்தை கேட்கும் ஏன் என்ற கேள்விக்குச் சலிக்காமல் விடை தருவது எந்தப் பயிற்சி மையத்திலும் கிடைக்காத பாடம். ஆனந்தமய கோசத்திற்குத் தாய்மொழித் தாலாட்டும், மாலை விளக்கின் முன் பாடும் ஒரு நாமாவளியும், இரவில் ஒரு கதையும் போதும். இவற்றுள் எதற்கும் கட்டணமில்லை. பெற்றோரின் நேரம் மட்டும் வேண்டும். அதைத் தர இயலாத குறையை ஈடுகட்டவே சில இல்லங்களில் பணம் தரப்படுகிறது என்பது கசப்பான உண்மை.

வாசலில் இருப்பவரின் கடமை

பெற்றோரிடம் மட்டும் தர்மத்தை எதிர்பார்ப்பது நியாயமாகாது. கௌதமர் சத்தியகாமனிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி. அவனுக்கு என்ன தெரியும் என்று அவர் சோதிக்கவில்லை. அறியாதவனுக்கு அறிவைத் தருவதே தம் பணி என்பதை அவர் அறிந்திருந்தார். ஏற்கெனவே அறிந்த குழந்தைகளை மட்டும் சேர்த்துக்கொள்ளும் பள்ளி, நோயற்றவர்களை மட்டும் சேர்த்துக்கொள்ளும் மருத்துவமனையைப் போன்றது. அதன் வெற்றி விகிதம் உயர்ந்திருக்கலாம். ஆனால் அது செய்த பணி என்ன என்ற கேள்விக்கு விடையிராது.

25 சதவீத இடங்களுக்கான சட்டவிதியை உச்ச நீதிமன்றம் 2012 ஏப்ரலில் உறுதிசெய்தது. அதன்படி வரும் எளிய குழந்தைகளை எந்தப் பள்ளி சுமையாகக் கருதாமல் வரவேற்கிறதோ, அதுவே கௌதமரின் மரபைச் சேர்ந்தது. கணினிக் குலுக்கலில் ஒரு கூலித் தொழிலாளியின் குழந்தையும் அதிகாரியின் குழந்தையும் அருகருகே அமர நேர்ந்தால், வேதாந்தம் போதிக்கும் சமத்துவம் அந்த ஒரு மரப்பலகையில் செயல் வடிவம் பெறுகிறது.

பட்டியல் வெளியாகும் நாள்

இறுதியாக, நடைமுறையில் செய்யத்தக்கது என்ன? பெற்றோர் தகுதியுள்ள பள்ளிகளுக்கு முறைப்படி விண்ணப்பிக்கட்டும். கேட்கப்படும் விவரங்களை உள்ளபடியே எழுதட்டும். குழந்தையை அழைத்துச் செல்ல நேர்ந்தால், புதிய இடம் ஒன்றைப் பார்க்கப் போவதாக மட்டும் சொல்லி அழைத்துச் செல்லட்டும். குழந்தை வாய்திறக்காவிட்டால் அதை அவமானமாகக் கொள்ள வேண்டாம். புதியவர் முன் மௌனமாயிருப்பது மூன்று வயதின் இயல்பு. செய்ய வேண்டியதைச் செய்து பலனை இறைவனிடம் விடுவது என்ற கீதையின் கர்மயோகம் போர்க்களத்திற்கு மட்டும் உரியதன்று. பட்டியல் ஒட்டப்படும் பலகையின் முன் நிற்கும்போதும் அது உரியதே.

பெயர் இருந்தால் அதைக் குழந்தையின் திறமை என்று பறைசாற்ற வேண்டாம். முகவரியோ குலுக்கலோ தந்ததைத் தகுதி என்று நம்பி வளரும் குழந்தை, இடம் கிடைக்காதவர்களைத் தாழ்வாக எண்ணக் கற்றுக்கொள்ளும். பெயர் இல்லையென்றால் அந்த ஏமாற்றத்தைக் குழந்தையின் முன் பேசவே வேண்டாம். அது எந்தத் தேர்விலும் தோற்கவில்லை. வீட்டருகே உள்ள எளிய பள்ளியில் அன்பான ஓர் ஆசிரியை இருந்தால், அந்தக் குழந்தைக்கு அப்போது வேண்டியதில் பெரும்பகுதி கிடைத்துவிடும். மீதியை வீடு தர முடியும்.

ஆண்டுகள் செல்லும். நர்சரியில் எந்தப் பள்ளி என்பது ஒரு நாள் எவருக்கும் நினைவிராது. ஆனால் படிவத்தில் தம் பெற்றோர் என்ன எழுதினர் என்பதை வளர்ந்த மகனோ மகளோ ஒரு நாள் கேட்கக்கூடும். அப்போது தயங்காமல் விடை சொல்லக்கூடிய நிலையில் தாய் தந்தையர் இருந்தால், அக்குழந்தை நன்கு தயார் செய்யப்பட்ட குழந்தையே.